பங்காணிப் போரும் சீக்கியப் படையின் உருமாற்றமும் (1688 – 1699)

முன்னுரை

சீக்கியரின் தொடக்ககாலப் போர்கள் என்றால் சம்கௌர், முக்த்சர், சப்பர் சிரி ஆகியவையே பெரிதும் பேசப்படுகின்றன. இன்றைய இமாசலப் பிரதேசத்தின் சிர்மௌர் மாவட்டத்தில் நடந்த பங்காணிப் போர் அளவில் சிறியது. முகலாயர் அதில் நேரடியாக இறங்கவில்லை. வென்றவர் நிலம் எதையும் கைக்கொள்ளவில்லை. ஆயினும் யாரை நம்பிப் படை திரட்டுவது என்ற கேள்விக்கு அப்போர் தந்த விடை, 1699இல் கால்சா என்னும் சீக்கிய அமைப்பு தோன்றியதைப் புரிந்துகொள்ளத் துணைசெய்கிறது என்பதே இக்கட்டுரையின் கருதுகோள்.

பின்புலம்

1606இல் குரு அர்ஜன் முகலாயர் காவலில் இறந்தபின், அவர் மகன் ஹர்கோவிந்த் ஆயுதம் தாங்கிய அணியொன்றை அமைத்தார். 1634–35இல் அமிர்தசரசிலும் கர்தார்பூரிலும் அது போரிட்டது. 1675இல் குரு தேக் பகதூர் தில்லியில் தலைவெட்டிக் கொல்லப்பட, ஒன்பது வயது மகன் கோவிந்த் ராய் குருவானார். 1685இல் சிர்மௌர் அரசர் மேதினி பிரகாஷின் அழைப்பை ஏற்று, யமுனைக் கரையில் பௌண்டாவில் தங்கினார். சிர்மௌருக்கும் அண்டை நாடான கர்வாலுக்கும் நெடுநாள் எல்லைப் பகை இருந்தது.

போரும் போரிட்டோரும்

கர்வால் அரசர் ஃபதே ஷா காரணமின்றிப் போருக்கு வந்தார் என்கிறது ‘பச்சித்தர் நாடக்’. கஹ்லூர் அரசர் பீம் சந்தின் பகையைக் காரணமாக்குவது பிற்கால மரபு. போர் நடந்த ஆண்டு 1688 என்பது பெரும்பான்மைக் கருத்து. 1686 என்பாரும் உளர்.

சம்பளத்துக்கு அமர்த்திய பட்டாணியர் ஐந்நூறு பேரில் பெரும்பாலோர் போருக்கு முன் எதிரணிக்கு மாறினர் என்றும், உதாசித் துறவிகள் பலர் இரவோடு இரவாக வெளியேறினர் என்றும் மரபு கூறுகிறது. பட்டாணியரைப் பரிந்துரைத்த சதௌராவின் பீர் புத்து ஷா, தம் மக்களோடும் எழுநூறு சீடர்களோடும் குருவுக்குத் துணைவந்தார்.

களத்தில் நின்றவர்கள் பல வகையினர். குருவின் அத்தை பீபி வீரோவின் ஐந்து மக்கள், தாய்மாமன் கிருபால் சந்த், பிராமணரான தயா ராம் ஆகியோர் அவர்களில் சிலர். வெளியேறாமல் நின்ற உதாசி மகந்த் கிருபால், எதிரணிக்கு மாறிய பட்டாணியரில் ஒருவரான ஹயாத் கானின் தலையைத் தடியால் தாக்கினார். அத்தை மகன் சங்கோ ஷா, அதே அணியின் நஜாபத் கானை வீழ்த்தித் தாமும் வீழ்ந்தார். ஃபதே ஷாவின் பக்கம் நின்ற ஹிந்தூர் மலை அரசர் ஹரி சந்த் குருவின் அம்புக்கு இரையானதும் மலை அரசர்களின் படை சிதறியது.

வெற்றிக்குப் பின்

தசம் கிரந்தத்தில் உள்ள பச்சித்தர் நாடக்கை இயற்றியவர் யார் என்பது ஆய்வாளரிடையே விவாதப் பொருள். எனினும் இப்போருக்கு நெருங்கிய சான்று அதுவே. வெற்றிக்குப்பின் குரு பௌண்டாவில் தங்காமல் கஹ்லூர் நிலத்தில் ஆனந்தபூருக்குச் சென்றார். போரிடாதவர்களை ஊரைவிட்டு நீக்கினார். நன்கு போரிட்டவர்களை ஆதரித்தார் என்கிறது அந்நூல். வீரக் காட்சிகளைவிட இச்செய்தியே வரலாற்றுக்கு முதன்மையானது. கூலியும் துறவுக்கோலமும் துணைநிற்பதற்கு உறுதி தரவில்லை. களத்தில் காட்டிய உறுதியே ஊரில் இடம்பெறும் தகுதியாயிற்று.

கால்சாவை நோக்கி

1699 வைசாகியன்று தலை கொடுக்க முன்வந்த ஐவரிடமிருந்து கால்சா தொடங்கியது. குலமோ கூலியோ கேட்கப்படவில்லை.   அந்த ஐவரில் ஒருவரான சாகிப் சிங், பீதரைச் சேர்ந்த நாவிதர் என்பது மரபு. பின்னர் அவர் சம்கௌரில் உயிர்நீத்தார்.

முடிவுரை

பங்காணிக்கும் கால்சாவுக்கும் இடையே பதினோர் ஆண்டுகள் உள்ளன. 1691இல் நாதௌனில் குரு அதே பீம் சந்துடன் சேர்ந்து முகலாயத் தளபதி அலிஃப் கானை எதிர்த்தார். மசந்துகள் எனப்பட்ட காணிக்கை திரட்டுவோரின் முறைகேடுகளும் சீர்திருத்தத்தைத் தூண்டின. ஆகவே கால்சாவுக்குப் பங்காணி ஒன்றே காரணம் எனல் பொருந்தாது. ஆனால் பிறப்பையும் ஊதியத்தையும் பின்தள்ளி, உறுதியால் உறுப்பினரைத் தேரும் வழக்கம் 1699க்கு முன்பே போர்க்களத்தில் சோதிக்கப்பட்டிருந்தது.