சென்னைக் கரையும் ஆம்பூர்க் கணவாயும்

ஆம்பூர் என்றதும் தோல் தொழிலும் பிரியாணியும் நினைவுக்கு வரும். ஆர்க்காட்டு நவாப் அன்வருத்தீன் கான் 1749 ஆகஸ்ட் 3 அன்று யானைமீது போரிட்டு மாண்டதும் இவ்வூரில்தான். அதற்கான வழி மூன்றாண்டுகளுக்கு முன்பே சென்னைக் கடற்கரையில் திறந்துவிட்டது.

1746 செப்டம்பரில் லா பூர்தொனேயின் பிரெஞ்சுப் படை அங்குக் கரையிறங்கி, ஆங்கிலேயரின் செயின்ட் ஜார்ஜ் கோட்டையைக் கைப்பற்றியது. கோட்டையை நவாபிடம் ஒப்படைப்பதாகப் பாண்டிச்சேரி ஆளுநர் துய்ப்ளே தந்த வாக்கு காற்றில் போயிற்று. நவாபின் மகன் மஹ்பூஸ் கான் சுமார் 10,000 வீரருடன் வந்தார். அடையாற்றைக் கடந்த ஏறத்தாழ ஆயிரம் பேர் கொண்ட பிரெஞ்சுப் படை அவர்களைச் சிதறடித்தது. விரைந்து சுடப் பயின்ற சிறுபடையின் வலிமையை ஐரோப்பியர் அன்று கண்டுகொண்டனர். சந்தா சாஹிபும் முஸஃபர் ஜங்கும் பிரெஞ்சுத் துணையை நாடி ஆம்பூருக்கு வந்தது அதன் பின்னரே. அங்கே மஹ்பூஸ் கான் சிறைப்பட்டார். அவர் தம்பி முஹம்மது அலி திருச்சிக்குத் தப்பினார். திருவல்லிக்கேணிப் பெரிய பள்ளிவாசல், 1795இல் இந்த முஹம்மது அலி வாலாஜாவின் குடும்பத்தார் எழுப்பியது.

கோட்டை தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது. படை இறங்கிய கரையோ அவ்வாறு காக்கத்தக்கதன்று. துறைமுகம் கட்டப்பட்டபின் அதன் தெற்கே மணல் குவிந்து கடல் விலகியது. அன்றைய அலைவாய் இன்று நிலத்துக்குள் கிடக்கிறது. அந்நாட்களுக்கு ஆனந்தரங்கப் பிள்ளையின் தமிழ் நாட்குறிப்பே சான்று.

ஆம்பூரின் நிலை வேறு. துர்கமலை அடிவாரக் கணவாய் கண்முன்னே நிற்கிறது. பள்ளி மாணவரை அங்கு அழைத்துச் சென்று காட்டுவதற்குச் செலவும் மிகுதியில்லை.