அம்பத்தூர்ப் பட்டறைகளும் கிளவுட் காப்புநகலும்

அம்பத்தூர் தொழிற்பேட்டை 1964ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டது. சிட்கோவின் கீழ் உள்ள இப்பேட்டையில் கடைசல் பட்டறைகள், வாகன உதிரிபாகக் கூடங்கள், ஆடைத் தொழிலகங்கள் எனப் பல சிறு நிறுவனங்கள் இயங்கி வருகின்றன. இவற்றின் கணக்கும் வரைபடமும் காகிதத்திலிருந்து கணினிக்கும், கணினியிலிருந்து கிளவுட் சேமிப்புக்கும் சென்ற வரலாற்றில் மழைக்குப் பெரும் பங்கு உண்டு.

1990களில் பேரேடுகளின் இடத்தை டேலி போன்ற மென்பொருள்கள் பிடிக்கத் தொடங்கின. நீலப்படிகளாக இருந்த உதிரிபாக வரைபடங்கள் கேட் கோப்புகளாயின. எல்லாம் ஒரே சர்வரில் சேர்ந்தன. அது பெரும்பாலும் தரைத்தளத்தில், மேசைக்கு அடியில் இருந்தது. காப்புநகல் எடுத்தவர்களும் அந்த ஹார்டு டிஸ்க்கை அதே அறையின் பீரோவில்தான் வைத்தனர். திருட்டுக்கு அஞ்சினார்களே தவிர, வெள்ளத்தை எண்ணவில்லை.

2015 டிசம்பர் 2 காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில் பூந்தமல்லிக்கு அருகிலுள்ள செம்பரம்பாக்கத்தில் 47 செ.மீ. மழை பதிவானது. அந்த ஏரியின் நீர் அடையாற்றில் சென்றது. அம்பத்தூர் தொழிற்பேட்டையை மூழ்கடித்ததும் அதுவே என்று மாணவர்கள் எண்ணிவிடக் கூடாது. அம்பத்தூர் ஏரி, கொரட்டூர் ஏரி, இரட்டை ஏரி என்று தொடரும் சங்கிலிக்கு அருகே பேட்டை அமைந்துள்ளது. பட்டறைகளுக்குள் நீர் புகுந்தது. நனைந்த மோட்டாரைப் பிரித்து உலர்த்தலாம். காப்பீடு இருந்தால் இயந்திரத்தின் விலையும் கிடைக்கலாம். ஆனால் யார் எவ்வளவு பாக்கி என்ற விவரமும், பத்தாண்டு வரைபடங்களும் அழிந்தால் எந்தக் காப்பீடும் அவற்றைத் திருப்பித் தராது. பீரோவில் இருந்த நகலும் சர்வரோடு சேர்ந்தே நனைந்தது என்றால், அது நகல் இல்லாததற்குச் சமம்.

அப்போது கிளவுட் சேவை இல்லையா? இருந்தது. அமேசானின் எஸ்3 சேமிப்பு 2006இலேயே வந்துவிட்டது. ஆனால் இந்தியாவுக்குள் மைக்ரோசாஃப்ட் புனே, மும்பை, சென்னை ஆகிய இடங்களில் மையங்களைத் திறந்தது 2015 செப்டம்பரில்தான். அமேசான் 2016இல் மும்பைக்கு வந்தது. இணைய வேகமும் தடையாக இருந்தது. நொடிக்கு 512 கிலோபிட் வேகத்தில் 100 ஜிபி தரவை அனுப்ப ஏறத்தாழ 18 நாட்கள் ஆகும்! 50 மெகாபிட் ஃபைபர் இணைப்பில் அதே வேலை நாலரை மணி நேரத்தில் முடிந்துவிடும். அதன்பின் அன்றன்றைய மாற்றங்களை மட்டும் அனுப்பினால் போதும்.

அடுத்து வந்தது சட்டம். மின்னணு முறையில் கணக்கு வைக்கும் பதிவுபெற்ற கம்பெனிகள் அதன் காப்புநகலை இந்தியாவில் உள்ள சர்வரில் வைக்க வேண்டும் என்பது 2014ஆம் ஆண்டு விதி. 2022 ஆகஸ்டில் அது நாள்தோறும் எடுக்கப்பட வேண்டும் என்று திருத்தப்பட்டது. ஆகவே விலை மலிவு என்பதற்காக வெளிநாட்டில் மட்டும் சேமிக்கும் சேவையை ஒரு கம்பெனி தேர்ந்தெடுக்க இயலாது.

2017 மே மாதம் பரவிய வான்னாக்ரை இன்னொரு ஆபத்தைக் காட்டியது. கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் இத்தகைய நிரல்களிடம், சர்வருடன் இணைந்தே இருக்கும் டிஸ்க்கும் தப்பாது. கோப்பை உடனுக்குடன் ஒத்திசைக்கும் சேவை, பூட்டப்பட்ட கோப்பையே நகலெடுத்துக் கொள்ளும். பழைய பதிப்புகளைக் குறிப்பிட்ட நாட்கள் வரை யாரும் அழிக்க முடியாதபடி வைத்திருக்கும் சேவையே காப்புநகல் என்ற பெயருக்கு உரியது.

சேவை நிறுவனங்களும் நிலையானவை அல்ல. அமெரிக்காவின் நிர்வானிக்ஸ் 2013இல் மூடப்பட்டபோது, தரவை எடுத்துக்கொள்ள வாடிக்கையாளர்களுக்கு முதலில் கிடைத்த அவகாசம் இரண்டே வாரம். 2021 மார்ச்சில் பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் ஓவிஎச் மையம் எரிந்தபோது, அதே வளாகத்தில் நகல் வைத்திருந்தவர்கள் இரண்டையும் இழந்தனர்.

இன்று அம்பத்தூரிலேயே பெரிய தரவு மையங்கள் எழுந்துள்ளன. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது தொழிற்பேட்டைத் தெருக்களில் மீண்டும் நீர் தேங்கியது. தரவு மையங்கள் வெள்ளத்தைக் கருதியே கட்டப்படுகின்றன என்றாலும், அம்பத்தூர் நிறுவனம் ஒன்று "சென்னை" என்ற மண்டலத்தைத் தேர்ந்தெடுத்தால், அதன் நகல் சர்வர் இருக்கும் அதே ஊரில்தான் இருக்கும். மும்பை அல்லது 2022இல் அமேசான் மையம் திறந்த ஐதராபாத் இதற்குப் பொருத்தம். மாதக் கட்டணத்தோடு, முழுத் தரவையும் திரும்ப இறக்க எத்தனை மணி நேரம் ஆகும், அதற்குத் தனிக் கட்டணம் உண்டா என்பதையும் ஒப்பந்தத்துக்கு முன்பே எழுத்தில் கேட்டுப் பெறுவது நல்லது. சில மலிவுத் திட்டங்களில் சேமிப்பதைவிட மீட்பதற்கே செலவு கூடும்.