எல்லை தாண்டும் மின்சாரம்: ஆப்பிரிக்க நாடுகளின் கூட்டு மின்கட்டமைப்பு

ஆப்பிரிக்கக் கண்டத்தில் ஏறத்தாழ 600 மில்லியன் மக்கள் இன்னமும் மின்சாரம் இல்லாமல் வாழ்கின்றனர். பெரிய ஆறுகளுக்கும் வெயிலுக்கும் காற்றுக்கும் அங்கே குறைவில்லை. ஆனால், அவை எல்லா நாடுகளிலும் ஒரே அளவில் இல்லை. ஓரிடத்தில் மிஞ்சுவதை இல்லாத இடத்திற்குக் கொண்டு சேர்க்கவே அண்டை நாடுகள் தங்கள் மின்கம்பிகளை இணைத்து வருகின்றன.

ஏன் கூட்டு?

மின்சாரத்தைப் பெருமளவில் சேமித்து வைக்கச் செலவு அதிகம். உற்பத்தியானவுடன் பயன்படுத்திவிடுவதே சிக்கனம். எத்தியோப்பியாவில் நீர்மின்சாரம், கென்யாவின் ஓல்காரியாவில் புவிவெப்ப மின்சாரம், மொரோக்கோவில் சூரிய மின்சாரம் என ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு பலம் உண்டு. இணைப்பு இருந்தால், ஒரு நாட்டில் மழை பொய்க்கும்போது இன்னொரு நாடு கைகொடுக்கும். சிறிய நாடுகளும் தனித்தனியே பெரிய நிலையங்கள் கட்ட வேண்டியதில்லை.

மண்டல அமைப்புகள்

தென் ஆப்பிரிக்க மண்டலத்தின் மின்கூட்டமைப்பு 1995-இல் உருவானது. அதில் 12 நாடுகள் உள்ளன. அடுத்த நாளுக்குத் தேவையான மின்சாரத்தை முதல் நாளே வாங்கி விற்கும் சந்தையையும் அது நடத்துகிறது. மேற்கு ஆப்பிரிக்கக் கூட்டமைப்பு பெனினின் கொத்தொனு நகரிலிருந்தும், 2005-இல் தோன்றிய கிழக்கு ஆப்பிரிக்கக் கூட்டமைப்பு அடிஸ் அபாபாவிலிருந்தும் இயங்குகின்றன.

எத்தியோப்பியாவிலிருந்து கென்யாவுக்கு

எத்தியோப்பியாவின் வொலைட்டா சோடோவிலிருந்து கென்யாவின் சுஸ்வா வரை 1,000 கிலோமீட்டருக்கும் மேல் நீளும் 500 கிலோவோல்ட் மின்தடம் 2022 நவம்பரில் வணிக முறையில் இயங்கத் தொடங்கியது. அதன் கொள்ளளவு 2,000 மெகாவாட். முதற்கட்ட ஒப்பந்தமோ 200 மெகாவாட்டுக்குத்தான்.

இத்தடத்தில் செல்வது நேர் மின்னோட்டம். நெடுந்தூரம் செல்லும்போது இதில் இழப்பு குறைவு. ஒரு நாட்டின் மின்துடிப்பு மற்றதோடு முழுமையாகப் பொருந்த வேண்டிய கட்டாயமும் இல்லை.

2024 டிசம்பரில் கென்யாவும் தன்சானியாவும் 400 கிலோவோல்ட் தடத்தால் இணைந்தன. தன்சானியா–சாம்பியா தடம் முடிந்துவிட்டால், கிழக்கு, தெற்கு மண்டலங்கள் ஒன்றாகிவிடும். 2025 செப்டம்பரில் நீல நைல் ஆற்றில் திறக்கப்பட்ட 5,150 மெகாவாட் மறுமலர்ச்சி அணை எத்தியோப்பியாவின் ஏற்றுமதிக் கனவுக்கு வலு சேர்த்துள்ளது. எனினும், ஆற்றுநீர் குறைந்துவிடுமோ என்ற எகிப்தின் அச்சம் தீரவில்லை.

ஐரோப்பாவுக்கு விற்கலாமா?

மொரோக்கோவும் ஸ்பெயினும் 1997 முதல் கடலடிக் கம்பியால் இணைந்துள்ளன. 2006-இல் இரண்டாவது கம்பி வந்தது. ஆனால், பெரும்பாலான ஆண்டுகளில் மின்சாரம் ஸ்பெயினிலிருந்து மொரோக்கோவுக்கே சென்றுள்ளது. துனிசியாவையும் இத்தாலியையும் இணைக்க 600 மெகாவாட் கடலடித் திட்டம் உள்ளது. மொரோக்கோவின் வெயிலையும் காற்றையும் பிரிட்டனுக்குக் கொண்டுசெல்லும் திட்டத்திற்கு ஆதரவளிக்க அந்நாட்டு அரசு 2025-இல் மறுத்துவிட்டது. சொந்த மக்கள் இருட்டில் இருக்க வெளியே விற்பதா என்ற கேள்வியும், விற்ற பணத்தில்தானே உள்ளூருக்குக் கம்பி இழுக்க முடியும் என்ற பதிலும் தொடர்கின்றன.

நம்பிக்கையே அடித்தளம்

2023 ஜூலையில் நைஜரில் இராணுவம் ஆட்சியைக் கைப்பற்றியது. அண்டை நாடுகள் தடை விதித்தன. நைஜீரியா மின்சாரத்தைத் துண்டித்தது. தன் மின்சாரத்தில் பெரும்பகுதியை நைஜீரியாவிடம் வாங்கி வந்த நைஜர் இருளில் தவித்தது. மொசாம்பிக்கின் கஹோரா பாசா அணையிலிருந்து தென் ஆப்பிரிக்கா செல்லும் தடமும் உள்நாட்டுப் போரில் கோபுரங்கள் தகர்க்கப்பட்டுப் பல ஆண்டுகள் முடங்கிக் கிடந்தது.

மறுபக்கமும் உண்டு. 2024 வறட்சியில் கரிபா அணை வற்றி சாம்பியா நாள்தோறும் பல மணி நேர மின்வெட்டில் சிக்கியபோது, இறக்குமதி மின்சாரம்தான் ஓரளவு கைகொடுத்தது.

கடைசி வீடு வரை

2030-க்குள் 300 மில்லியன் பேருக்கு மின்சாரம் வழங்க உலக வங்கியும் ஆப்பிரிக்க மேம்பாட்டு வங்கியும் இலக்கு வைத்துள்ளன. பெரிய கோபுரங்கள் மட்டும் இதற்குப் போதா. உயர் அழுத்தக் கம்பி ஊருக்கு மேலே போனாலும், துணை மின்நிலையமும் தெருக் கம்பமும் வந்தால்தான் வீட்டில் விளக்கெரியும்.