பெயர் தெரியாதவர்கள்

அமெரிக்கா என்றால் எமது மாணவர்களுக்கு உயர்ந்த கட்டடங்களும் டொலரும்தான் ஞாபகம் வரும். அந்த நாட்டிலேயே 1930களில் அகதிகளைப் போல அலைந்த விவசாயக் குடும்பங்கள் பற்றித்தான் இன்று எழுதுகிறோம். கொஞ்சம் நீளமான பதிவு. ஆறுதலாக வாசியுங்கள்.

ஒக்லஹோமா, டெக்சாஸ், ஆர்கன்சாஸ், மிசூரி ஆகிய நான்கு மாநிலங்களிலிருந்து மட்டும் அந்தப் பத்து ஆண்டுகளில் 3 இலட்சத்துக்கும் அதிகமானோர் கலிபோர்னியாவுக்குப் போனார்கள். அவர்களை உலகம் இன்றும் நினைவில் வைத்திருக்க முக்கிய காரணம் ஒரு நாவல். ஜோன் ஸ்டைன்பெக் எழுதி 1939 ஏப்ரல் 14 அன்று வெளிவந்த 'த கிரேப்ஸ் ஒஃப் ராத்'. 'கோபத்தின் திராட்சைகள்' என்று தமிழில் சொல்லலாம்.

இந்த நாவலைப் 'புழுதிப் புயலுக்குப் பயந்து ஓடியவர்களின் கதை' என்று பலர் சொல்லிவிடுகிறார்கள். அது பாதிதான் சரி. புழுதிப் புயல் உண்மை. 1935 ஏப்ரல் 14 ஆம் திகதி அடித்த புயலில் பட்டப்பகலே இருண்டு போனது. அந்த நாளை இன்றும் 'கறுப்பு ஞாயிறு' என்கிறார்கள். ஆனால் அது வீசியது ஒக்லஹோமாவின் மேற்கு ஓரத்திலும் அதை அடுத்த சமவெளிகளிலும். நாவலில் வரும் ஜோட் குடும்பம் சலிசோ என்ற ஊரைச் சேர்ந்தது. அது அதே மாநிலத்தின் கிழக்கு எல்லையில் இருக்கிறது. அங்கே வாரத்துக்குப் பருத்தி செய்த குடியானவர்களை வெளியேற்றியது காற்று மட்டுமல்ல, காகிதமும்தான். பருத்தி விலை விழாமல் இருக்க, பயிர்ப் பரப்பைக் குறைத்தால் பணம் தருவதாக 1933 இல் அரசு சட்டம் போட்டது. பணம் காணிக்காரர் கைக்குப் போனது. அவர்களில் பலர் அதைக் கொண்டு உழவு இயந்திரம் வாங்கினார்கள். ஓர் இயந்திரம் வந்ததும் பல குடும்பங்கள் தேவைப்படாமல் போயின. மழை பொய்த்தால் அடுத்த போகம் வரை காத்திருக்கலாம். காணியே இல்லை என்றால் எதற்காகக் காத்திருப்பது?

பழைய வாகனம் ஒன்றை லொறியாக மாற்றி, அதில் ஏறி மேற்கே புறப்படுகிறது ஜோட் குடும்பம். முதல் நாளே பாட்டனார் இறந்து போகிறார். அடக்கம் செய்யப் பணமில்லை, வீதியோரத்திலேயே புதைக்கிறார்கள். பிறகு யாராவது தோண்டிப் பார்த்துக் கொலை என்று நினைத்துவிடக் கூடாதே என்று, அவருடைய பெயரையும் அவர் நோயால் இறந்தவர் என்பதையும் எழுதி ஒரு போத்தலில் போட்டு உடலோடு வைக்கிறார்கள். அடுத்து, பாலைவனத்தைக் கடக்கும் இரவில் பாட்டியின் உயிரும் பிரிகிறது. வழியில் சோதனைச் சாவடி. வண்டி நின்றுவிட்டால் குடும்பம் பாலைவனத்தில் மாட்டிக்கொள்ளும். அதனால் வீட்டின் தாய், இறந்த மாமியாரின் பக்கத்திலேயே இரவு முழுக்கப் படுத்திருக்கிறாள். 'கிழவிக்குச் சுகமில்லை' என்று சொல்லி வண்டியைக் கடத்திவிடுகிறாள். விடிந்த பிறகுதான் மற்றவர்களுக்கே தெரியும். வறுமை பற்றி எத்தனையோ புள்ளிவிபரங்கள் படித்திருக்கிறோம். இந்த ஓர் இரவு சொல்வதை அவை சொன்னதில்லை.

சோதனை கதைக்காகக் கட்டியதல்ல. 1936 பெப்ரவரியில் லொஸ் ஏஞ்சல்ஸ் பொலிஸ் தலைவர், தன் நகரத்து ஆட்கள் 136 பேரை மாநில எல்லைகளுக்கே அனுப்பி, கையில் காசில்லாதவர்களைத் திருப்பி அனுப்பினார். வறியவர் ஒருவரை மாநிலத்துக்குள் கூட்டி வருவதே குற்றம் என்று ஒரு சட்டமும் கலிபோர்னியாவில் இருந்தது. 1941 இல்தான் உச்ச நீதிமன்றம் அதைச் செல்லாதது என்றது. அந்த வழக்கில் குற்றவாளியாக நின்றவர் செய்த 'குற்றம்', வேலையில்லாத மைத்துனரை டெக்சாஸிலிருந்து காரில் ஏற்றி வந்ததுதான்.

கூலி எப்படிக் குறைந்தது என்பதை ஸ்டைன்பெக் ஒரு வாத்தியாரைப் போலப் பொறுமையாக விளக்குகிறார். 800 பேர் தேவைப்படும் பண்ணைக்காரர் 5000 துண்டுப்பிரசுரம் அடிக்கிறார். வேலைக்கு ஆயிரக்கணக்கில் ஆட்கள் வந்து நிற்கிறார்கள். பசித்த பிள்ளை உள்ளவன் எந்தக் கூலிக்கும் சம்மதிப்பான். பொலிஸ் காவலோடு ஒரு பீச் பழத் தோட்டத்துக்குள் போகும் ஜோட் குடும்பத்துக்குப் பெட்டிக்கு 5 சதம் கிடைக்கிறது. வெளியே கத்துபவர்கள் யார் என்று பிறகுதான் தெரிய வருகிறது. அவர்கள் கூலியை இரண்டரைச் சதமாக்கியதை எதிர்த்து நிற்கும் வேலைநிறுத்தக்காரர்கள். நிறுத்தம் முறிந்த மறுகணம் இவர்களுக்கும் அதே இரண்டரைச் சதம்தான். ஏழையைக் கொண்டே ஏழையை அடிக்கும் கணக்கு இது. தொழிற்சங்க உரிமையைப் பாதுகாத்த 1935 ஆம் ஆண்டுச் சட்டம்கூட விவசாயக் கூலிகளை வெளியே விட்டுவிட்டது.

நாவலில் இவர்கள் நிம்மதியாக மூச்சுவிடும் ஒரே இடம் வீட்பட்ச் என்ற அரசாங்க முகாம். முகாம் என்ற சொல் எம்மில் பலருக்கு வேறு நினைவுகளைத் தரும். ஆனால் அங்கே குழாய்த் தண்ணீரும் ஒழுங்கான கழிவறையும் இருந்தன. தங்கியிருந்தவர்களே நிர்வாகக் குழுவைத் தெரிவு செய்தார்கள். இது உண்மையான முகாம். கேர்ன் மாவட்டத்தில் ஆர்வின் என்ற ஊருக்கு அருகில் இருந்தது. அதன் பொறுப்பாளர் டொம் கொலின்ஸ், முகாமில் மக்கள் என்ன சாப்பிட்டார்கள், என்ன பேசினார்கள், என்ன பாடினார்கள் என்பதையெல்லாம் வாராவாரம் அறிக்கையாக எழுதி வைத்தார். 1936 இல் பத்திரிகைக் கட்டுரைகளுக்காகப் போன ஸ்டைன்பெக்குக்கு அவை கிடைத்தன. நாவலின் சமர்ப்பணத்தில் 'டொம்' என்ற பெயர் இருப்பது அதனால்தான்.

புத்தகம் அந்த ஆண்டு அமெரிக்காவில் அதிகம் விற்ற நாவலானது. முகாம் இருந்த அதே கேர்ன் மாவட்டமோ 1939 ஓகஸ்டில் 4க்கு 1 என்ற வாக்கில் அதை நூலகங்களிலும் பாடசாலைகளிலும் தடை செய்தது. மாவட்ட நூலகர் கிரெட்சன் நீஃப் தடைக்கு எதிராகக் கடிதம் எழுதினார். பெரும் பண்ணைக்காரர்களோ, புத்தகத்தை வாசித்தே இராத ஒரு தொழிலாளியைக் கொண்டு அதை எரிக்க வைத்துப் படம் பிடித்தார்கள். தடை நீங்க 1941 ஆனது.

ஆசிரியர்களாகிய எமக்கு நாவலை விடவும் பிடித்த பகுதி ஒன்று அதே மாவட்டத்தில் நடந்தது. முகாம் பிள்ளைகளை ஊர்ப் பாடசாலைகள் ஒதுக்கின. மற்றப் பிள்ளைகள் கேலி செய்தார்கள், சில ஆசிரியர்களும் அதற்குத் துணை போனார்கள். மாவட்டக் கல்விப் பொறுப்பாளர் லியோ ஹார்ட் 1940 இல் முகாமுக்குப் பக்கத்திலேயே இவர்களுக்கென ஒரு பாடசாலை தொடங்கினார். கட்டடங்களை ஆசிரியர்களும் பிள்ளைகளும் சேர்ந்தே எழுப்பினார்கள். நீச்சல் தடாகத்தையும் பிள்ளைகளே தோண்டினார்கள். திருத்தப் பழகுவதற்கென்று ஒரு பழைய விமானமும் வந்தது. இரண்டொரு வருடத்தில், முன்பு ஒதுக்கிய ஊரவர்களே தம் பிள்ளைகளை அங்கே சேர்க்கக் கேட்டார்களாம்.

நாவலில் குறையே இல்லை என்று சொல்ல மாட்டோம். ஜோட்களுக்கு முன்பு அந்த வயல்களில் குனிந்து நின்றவர்கள் பெரும்பாலும் மெக்சிகோ, பிலிப்பைன்ஸ் நாட்டுக்காரர்கள். 1933 பருத்தி வேலைநிறுத்தத்தில் நின்ற ஏறத்தாழ 18,000 பேரில் பெரும்பாலானோர் மெக்சிகோக்காரர்கள்தான். மந்த காலத்தில் அவர்களைக் கூட்டம் கூட்டமாக மெக்சிகோவுக்கு அனுப்பினார்கள். அங்கேயே பிறந்த பிரஜைகளும் அதில் அகப்பட்டார்கள். நாவலில் இவர்களுக்கு இடமே இல்லை என்று சொல்லலாம். அவர்கள் கதை தோமஸ் ரிவேரா 1971 இல் ஸ்பானிய மொழியில் எழுதிய நாவல் வரை காத்திருந்தது. ரிவேரா பயிருக்குப் பயிர் ஊர் மாறும் கூலிக் குடும்பத்தில் பிறந்தவர். பின்னாளில் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் ரிவர்சைட் வளாகத்துக்கே தலைவரானார்.

காத்திருந்தவர் இன்னொருவரும் உண்டு. சனோரா பாப் ஒக்லஹோமாவில் பிறந்து, மண்ணைத் தோண்டி அமைத்த வீட்டில் வளர்ந்தவர். 1938 இல் கொலின்ஸுடன் முகாம்களில் தொண்டராக வேலை செய்தார். அவருடைய குறிப்புகளைக் கொலின்ஸ் ஸ்டைன்பெக்குக்குக் கொடுத்தார். பாப்பும் அதே மக்களைப் பற்றி ஒரு நாவல் எழுதிக்கொண்டிருந்தார். தாயார் அனுப்பிய கடிதங்களை வைத்து, புழுதி வீசிய நாட்களை ஒரு பெண் நாளுக்கு நாள் குறித்து வைப்பதாக அதில் ஓர் அத்தியாயம் அமைத்தார். பிரபல பதிப்பகம் ஒன்று அதை வெளியிட விரும்பியது. அதற்குள் ஸ்டைன்பெக்கின் புத்தகம் வந்து சந்தையை நிறைத்துவிட்டது. ஒரே விடயத்துக்கு இன்னொரு நாவல் வேண்டாம் என்று பாப்பின் பிரதியைத் திருப்பினார்கள்.

அது அச்சில் வந்தது 2004 இல். அடுத்த ஆண்டு கடைசி நாளில் 98 வயதில் அவர் காலமானார். நாவலின் தலைப்பு 'பெயர் தெரியாதவர்கள்' என்று பொருள்படும். வீட்டை விட்டு வெளியேறும்படி குடியானவர்களுக்குக் கொடுத்த சட்ட அறிவித்தலில், பெயர் எழுத வேண்டிய இடத்தில் இருந்த சொற்கள்தான் அவை.