வாயுவைத் தேடிக் கிடைத்த திரவம்

புரோட்டானும் நியூட்ரானும் குவார்க்குகளால் ஆனவை. குவார்க்குகளைப் பிணைத்து வைப்பவை குளுவான்கள். குவார்க்குகள் நெருங்க நெருங்க அந்தப் பிணைப்பு தளர்கிறது என்று 1973இல் கிராஸ், வில்செக், பொலிட்சர் ஆகியோர் காட்டினர். அப்படியானால் போதிய வெப்பத்தில் அணுக்கருப் பொருள் உருகி, குவார்க்குகளும் குளுவான்களும் விடுபட்டு வாயுபோல உலவ வேண்டும். இந்த நிலைக்குக் குவார்க்-குளுவான் பிளாஸ்மா என்று பெயர். பெருவெடிப்புக்குப் பின் சில மைக்ரோ வினாடிகள் பேரண்டம் இப்படித்தான் இருந்தது என்பது கணிப்பு.

இந்தப் பிளாஸ்மாவை உண்டாக்க 1986இல் ஜெனீவா அருகிலுள்ள செர்ன் ஆய்வகமும் அமெரிக்காவின் புரூக்ஹேவன் ஆய்வகமும் ஆக்சிஜன் அணுக்கருக்களை முடுக்கி மோதவிட்டன. பிளாஸ்மா உண்டானாலும் நொடியின் கோடானுகோடியில் ஒரு பங்குகூட நிலைக்காது. சிதறும் துகள்களிலிருந்துதான் அதை ஊகிக்க வேண்டும். ஜே/சை என்ற துகளின் உற்பத்தி குறைவது ஒரு தடயமாகும் என்று அதே ஆண்டு மட்சூயியும் சாட்ஸும் கணித்தனர். 1994 முதல் செர்னில் ஈய அணுக்கருக்கள் மோதியபோது அந்தக் குறைவு தென்பட்டது. இந்தச் சோதனைகளில் ஒன்றுக்கு ஃபோட்டான்களை எண்ணும் கருவியை அமைத்ததில் கொல்கத்தாவின் மாறுபடு ஆற்றல் சைக்ளோட்ரான் மையத்துக்கு முக்கியப் பங்குண்டு.

2000 பிப்ரவரி 10 அன்று, புதிய பொருள்நிலைக்குச் சான்று கிடைத்ததாகச் செர்ன் அறிவித்தது. தடயங்கள் பல இருந்தாலும் அவை அனைத்தும் சூழ்நிலைச் சான்றுகளே. புரூக்ஹேவனின் புதிய மோதுவியான ரிக் இயங்கத் தொடங்கச் சில மாதங்களே இருந்தன என்பதையும் சேர்த்தே இந்த அறிவிப்பை எடைபோட வேண்டும்.

3.8 கிலோமீட்டர் சுற்றளவுள்ள ரிக்கில் தங்க அணுக்கருக்கள் மோதின. இரு கருக்கள் நேருக்கு நேர் முட்டாமல் சற்று விலகி மோதினால், அவை மேற்பொருந்தும் பகுதி பாதாம்பருப்பு வடிவில் அமையும். உள்ளிருப்பது வாயு என்றால் துகள்கள் ஏறத்தாழ எல்லாத் திசைகளிலும் ஒரே சீராகச் சிதற வேண்டும். ஆனால் பருப்பின் குறுகிய அச்சுத் திசையில் அவை கூடுதலாகப் பாய்ந்தன. அழுத்தத்துக்கேற்ப ஓடும் திரவத்தின் நடத்தை இது. எதிரெதிராகக் கிளம்ப வேண்டிய துகள்தாரைகளில் ஒன்று காணாமலும் போனது. குறை தங்கக் கருவிலேயே இருக்குமோ என்ற ஐயத்தைத் தீர்க்க, பிளாஸ்மா உண்டாகும் என்று எதிர்பார்க்கப்படாத அளவு சிறிய கருவான டியூட்ரானை 2003இல் தங்கத்தோடு மோதவிட்டனர். இம்முறை தாரை மறையவில்லை. அதை விழுங்கியது மோதலில் பிறந்த பொருள்தான் என்பது அந்த ஒரு சோதனையில் உறுதியாயிற்று.

செர்னின் அறிவிப்பைவிட இது வலுவான வாதம். அப்படியிருந்தும், ரிக்கின் நான்கு ஆய்வுக் குழுக்களும் 2005இல்தான் முடிவுகளைத் தொகுத்து வெளியிட்டன. கிடைத்தது எதிர்பார்த்த வாயு அல்ல. பாகுத்தன்மை மிகக் குறைந்த, ஏறத்தாழ குறையற்ற திரவம்.

2010 நவம்பரில் செர்னின் பெரிய ஹாட்ரான் மோதுவி ஈயக் கருக்களை மோதவிட்டு இதை உறுதிப்படுத்தியது. அங்கே புரோட்டான்கள் மட்டுமே மோதும்போதும் இதையொத்த பாய்ச்சல் தென்பட்டது. அவ்வளவு சிறிய மோதலிலும் திரவத்துளி உருவாகிறதா என்ற விவாதம் இன்னும் முடியவில்லை.