சிங்கப்பூர்த் தமிழ்க் கிறித்தவரின் இறைப்பற்று வாழ்வு: ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

கடவுளை முழு இதயத்தோடும் முழு உள்ளத்தோடும் முழு மனத்தோடும் நேசிக்க வேண்டும் என்பது கிறித்தவ சமயத்தின் தலையாய கட்டளை. தன்னைப்போல் அயலாரையும் நேசிக்க வேண்டும் என்பது அதனோடு இணைத்துக் கூறப்படும் இரண்டாவது கட்டளை. ஒருவரின் உள்ளத்தில் இறைப்பற்று எவ்வளவு இருந்தது என்பதை வரலாற்று ஆய்வாளர் அளந்து கூற இயலாது. ஆனால் அப்பற்று எத்தகைய செயல்களாக வெளிப்பட்டது என்பதை ஆராய இயலும். முதற் கட்டளையின் உண்மையை இரண்டாவது கட்டளையைக் கொண்டே வரலாறு அறிகிறது எனலாம். இந்நோக்கில், 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி தொடங்கிச் சிங்கப்பூர்த் தமிழ்க் கிறித்தவரிடையே முழுமையான இறையர்ப்பணிப்பு எவ்வடிவம் கொண்டது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

தமிழ் மரபில் அர்ப்பணிப்பின் இரு வடிவங்கள்

தமிழ்க் கிறித்தவ வரலாற்றில் அர்ப்பணிப்பு இரு வடிவங்களில் சிறப்பாக வெளிப்பட்டுள்ளது. ஒன்று, உயிரைக் கொடுத்தல். திருவிதாங்கூரைச் சேர்ந்த நீலகண்ட பிள்ளை 1745இல் திருமுழுக்குப் பெற்றுத் தேவசகாயம் என்னும் பெயர் ஏற்றார். தம் நம்பிக்கையைக் கைவிட மறுத்த அவர், 1752இல் காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022 மே 15 அன்று அவருக்குப் புனிதர் பட்டம் வழங்கப்பட்டது.

மற்றொன்று, வாழ்நாளைக் கொடுத்தல். 1706இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கு தமிழ் கற்றுப் புதிய ஏற்பாட்டை மொழிபெயர்த்தார். அது 1715இல் அச்சேறி முடிந்தது. இத்தாலியரான வீரமாமுனிவர் தமிழ்ப் புலமையின் உச்சம் தொட்டுத் தேம்பாவணியை இயற்றினார். இவர்களுக்கு மொழி கற்றல் சமயப் பணிக்கான கருவி மட்டுமன்று. தாய்மொழியின் பெருமிதத்தைக் களைந்து, வேற்று மக்களின் மொழியில் குழந்தையைப்போல் மீண்டும் பேசத் தொடங்குவதே ஒரு துறவாகும். சிங்கப்பூரில் வேரூன்றியது இவ்விரண்டாவது வடிவமே.

கட்டடமும் பக்தியும்

1819இல் ஆங்கிலேயர் வணிகத்தளம் அமைத்தபின் வணிகராகவும் தொழிலாளராகவும் எழுத்தராகவும் தமிழர் சிங்கப்பூருக்கு வந்தனர். தண்டனைக் கைதிகளாகக் கொண்டுவரப்பட்ட இந்தியரும் பலர். இன்றும் நகரின் நடுவே வெண்ணிறத்தில் விளங்கும் தூய அந்திரேயா பேராலயம், 1856 முதல் 1861 வரை இந்தியக் கைதிகளின் உழைப்பால் எழுந்தது. சென்னைச் சுண்ணச்சாந்து என வழங்கப்பட்ட பூச்சு அதன் சுவர்களுக்கு அழகூட்டியது. சுண்ணாம்பு, முட்டை வெண்கரு, சர்க்கரை ஆகியவற்றைக் கலந்து, தேங்காய் மட்டை ஊறிய நீர் சேர்த்து உருவாக்கப்பட்ட பூச்சு அது.

இவ்வாலயத்தை இந்தியரின் பக்திக்குச் சான்றாகக் காட்டுவது பொருந்தாது. கைதிகளின் திறமைக்கு அது சான்று. அவர்களின் விருப்பத்துக்குச் சான்றன்று. விரும்பிக் கொடுக்கப்படாத எதுவும் அர்ப்பணிப்பு ஆகாது. எனவே முழுமையான இறைப்பற்றின் தடங்களைக் கட்டடங்களின் பெருமையில் தேடுவதைவிட, மனமுவந்து மேற்கொள்ளப்பட்ட நெடுநாள் உழைப்பில் தேடுவதே தக்கது.

அருட்தந்தை பாரியும் தமிழ்க் கத்தோலிக்கரும்

அத்தகைய உழைப்புக்கு அருட்தந்தை பியேர் பாரியின் வாழ்வு எடுத்துக்காட்டாகும். பிரெஞ்சுக்காரரான அவர் பாரிஸ் அயல்நாட்டு மறைபரப்புச் சபையைச் சேர்ந்தவர். சிங்கப்பூரில் சீனக் கத்தோலிக்கரிடையே பணியாற்றிய அவர், தமிழரும் தக்க மேய்ப்பரின்றி இருப்பதைக் கண்டு தமிழையும் கற்றார். அவரது பொறுப்பில் குவீன் ஸ்திரீட்டில் 1869-70ஆம் ஆண்டுகளில் கட்டப்பட்ட தூய பேதுரு, பவுல் ஆலயத்தில் சீனரும் தமிழரும் வழிபட்டனர். 1883இல் மறையும்வரை அவர் இவ்விரு சமூகத்தாருக்கும் தொண்டாற்றினார்.

அவரது தமிழ்க் கல்வியின் முதன்மையை உணர அக்கால வழிபாட்டு முறையை நினைவிற்கொள்ள வேண்டும். திருப்பலி அன்று இலத்தீன் மொழியில் நடைபெற்றது. அதற்குத் தமிழ் அறிந்த குரு தேவையில்லை. ஆனால் மறையுரை, ஞானோபதேசம், நோயாளருக்கு ஆறுதல் கூறல், அனைத்துக்கும் மேலாக ஒப்புரவு அருட்சாதனம் ஆகியவை மக்களின் மொழியின்றி நிகழ இயலாதவை. தன் பாவத்தை அறிக்கையிட வரும் ஒருவர் இடையே மற்றொருவரை வைத்துக்கொண்டு மனந்திறந்து பேசுவது அரிது. இறக்கும் தறுவாயில் உள்ள தொழிலாளி தன் மொழியிலேயே விடைபெற விரும்புவான். அவன் கூறுவதைப் புரிந்துகொள்ளும் செவியாகத் தம்மை ஆக்கிக்கொண்டதே பாரி அடிகளின் பக்தி எனலாம்.

அவருக்குப்பின் யோவாக்கிம் மெனூவ்ரியே அடிகள் தமிழருக்கெனத் தனி ஆலயம் எழுப்பும் பணியை மேற்கொண்டார். ஓபிர் சாலையில் 1886 ஆகஸ்டில் அடிக்கல் நாட்டப்பட்ட லூர்து அன்னை ஆலயம் 1888 மே மாதம் திறக்கப்பட்டது. பிரான்சின் லூர்து நகரப் பேராலயத்தை முன்மாதிரியாகக் கொண்ட அதன் வடிவம் ஐரோப்பியமானது. எனினும் வேளாங்கண்ணி மாதாவை வணங்கிப் பழகிய தமிழருக்கு அன்னையின் பெயரால் அமைந்த ஆலயம் அந்நியமாகத் தோன்றியிராது. புலம்பெயர்ந்த நாட்டில் தம் மொழியில் செபமாலை சொல்ல அவர்களுக்கு ஓர் இடம் கிடைத்தது.

ஷார்ட் ஸ்திரீட்டில் ஒரு பள்ளி

சீர்திருத்தச் சபையினரிடையே இவ்வர்ப்பணிப்பு கல்விப் பணியாக வெளிப்பட்டது. 1885 பிப்ரவரியில் இந்தியாவிலிருந்து ஜேம்ஸ் தோபர்னும் பெங்களூரில் பிறந்த வில்லியம் ஓல்டமும் வந்து மெதடிஸ்ட் பணியைத் தொடங்கினர். 1887இல் ஆஸ்திரேலியப் பெண்மணியான சோஃபியா பிளாக்மோர் சிங்கப்பூரை அடைந்தார். தம் பெண்மக்கள் கல்வி பெறவேண்டும் என விரும்பிய தமிழ்ப் பெரியோரின் ஆதரவோடு, அவ்வாண்டு ஆகஸ்டில் ஷார்ட் ஸ்திரீட்டிலுள்ள ஒரு கடைவீட்டில் தமிழ்ச் சிறுமியர் 9 பேருடன் ஒரு பள்ளியைத் தொடங்கினார். இன்றைய மெதடிஸ்ட் பெண்கள் பள்ளி அதிலிருந்து வளர்ந்ததாகும்.

இங்கு இரு செய்திகள் குறிப்பிடத்தக்கவை. முதலாவது, இப்பள்ளி வெளியார் கொடுத்த கொடை மட்டுமன்று. தமிழ்க் குடும்பங்களின் வேட்கையும் அதன் பிறப்புக்குக் காரணம். இரண்டாவது, பிளாக்மோர் அம்மையார் தம் இருப்பிடத்துக்குப் பிறர் வரட்டும் எனக் காத்திருக்கவில்லை. மலாய் மொழி கற்று, பெரானாக்கான் சீனப் பெண்களின் இல்லங்களுக்கு வாசல் வாசலாகச் சென்றார். இவ்வாறு 40 ஆண்டுகள் அவர் மேற்கொண்ட பணி 1928இல் நிறைவுற்றது. ஷார்ட் ஸ்திரீட்டில் தமிழ் மெதடிஸ்ட் ஆலயம் இன்றும் விளங்குகிறது. சிராங்கூன் சாலையின் கோவில்களுக்கும் பள்ளிவாசல்களுக்கும் சிறிது தொலைவிலேயே அமைந்துள்ள இவ்வாலயமும் லூர்து அன்னை ஆலயமும் தேக்கா வட்டாரத் தமிழ் வாழ்வின் ஒரு பகுதியாகவே கருதத்தக்கன.

1974க்குப் பின்

ஏறத்தாழ 86 ஆண்டுகள் தமிழரின் ஆலயமாக விளங்கிய லூர்து அன்னை ஆலயம் 1974இல் எல்லா இனத்தவருக்குமான பங்காயிற்று. அதற்கு முன்னரே, இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் விளைவாக, இலத்தீனுக்குப் பதிலாக மக்கள் மொழிகள் திருப்பலியில் இடம்பெற்றிருந்தன. பலிபீடத்தில் தமிழ் ஏறிய சில ஆண்டுகளிலேயே தமிழருக்கே உரிய ஆலயம் என்னும் நிலை முடிவுற்றது.

இதனை இழப்பு எனக் கருதுவோர் உண்டு. அக்கருத்தை எளிதில் ஒதுக்க இயலாது. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, சிங்கப்பூர் இந்தியரில் பாதிக்கு மேற்பட்டோர் வீட்டில் மிகுதியாகப் பேசும் மொழி ஆங்கிலமே. தமிழில் செபிக்கத் தெரியாத தலைமுறைக்குத் தமிழ்த் திருப்பலி எவ்வாறு பொருள்படும் என்பது உண்மையான வினா. எனினும் மற்றொரு நோக்கும் உண்டு. ஒருகாலத்தில் பிறர் ஆலயத்தில் இடம்பெற்று வழிபட்ட தமிழர், 1974இல் தம் ஆலயத்தில் பிறருக்கு இடமளித்தனர். வரவேற்கப்பட்டோர் வரவேற்போர் ஆயினர். லூர்து அன்னை ஆலயத்தில் தமிழ் வழிபாடு இன்றும் தொடர்கிறது.

முடிவுரை

சிங்கப்பூர்த் தமிழ்க் கிறித்தவ வரலாற்றில் முழுமையான இறைப்பற்று என்பது உலகை விட்டு விலகும் துறவாக அன்றி, அயலாரை நோக்கிச் செல்லும் பயணமாக வெளிப்பட்டது. பாரி அடிகள் ஒரு மொழிக்குள் சென்றார். பிளாக்மோர் அம்மையார் வீடுகளுக்குள் சென்றார். தமிழ் விசுவாசிகள் தம் கதவைத் திறந்தனர். இன்று தமிழ் பேசும் முதியோர் ஆங்கிலம் பேசும் தம் பேரப்பிள்ளைகளோடு ஒரே இருக்கையில் அமர்ந்து வழிபடுகின்றனர். அவர்களுள் யார் யாருடைய மொழியைக் கற்கப் போகின்றனர் என்பதைப் பொறுத்தே இம்மரபின் அடுத்த அதிகாரம் அமையும்.