தெருப் பெயரில் வாழும் தொழில்



யாழ்ப்பாண நகருக்கு வருவோர் கோட்டையையும் நல்லூரையும் தேடிச் செல்வர். தமிழாசிரியனாகிய நான் தேடுவது ஊர்ப் பெயர்களை.

காங்கேசன்துறை வீதியிலே தட்டாதெருச் சந்தி உண்டு. தட்டார் என்போர் பொற்கொல்லர். தட்டார் தெருவின் ரகரம் பேச்சிலே தேய்ந்துவிட்டது. அவ்வாறே கன்னார் திட்டி கன்னாதிட்டியாயிற்று. கன்னார் வெண்கலத்திலும் பித்தளையிலும் கலஞ்செய்தவர்கள். இன்று கன்னாதிட்டி நகைக்கடைகளுக்குப் பெயர்பெற்றது. தொழில் மாறியது, பெயர் மாறவில்லை. புகார் நகரின் மருவூர்ப்பாக்கத்திலே கஞ்சகாரரையும் பொற்கொல்லரையும் இளங்கோவடிகள் காட்டுகிறார். அக்காட்சியைப் படிப்பிக்கும்போதெல்லாம் எனக்கு நமது சந்திகளே நினைவுக்கு வரும்.

இப்பெயர்களில் இடம்பெறாத பெருந்தொழில் ஒன்றும் இங்கு இருந்தது. அது சாயத்தொழில். மணற்பாங்கான வறண்ட நிலத்திலே தானாக முளைக்கும் சிறுசெடி சாயவேர். அதன் மெல்லிய வேரைக் கிண்டி, உலர்த்தி, இடித்து, படிகாரம் ஊட்டிய துணியுடன் காய்ச்சினால் மங்காத செந்நிறம் கிடைக்கும். 1658 முதல் 1795 வரை இங்கு ஆண்ட ஒல்லாந்தர் அவ்வேரைத் தம் கம்பனியின் ஏகபோகமாக வைத்திருந்தனர். வெயிலிலே குனிந்து வேர் கிண்டியவர்கள் நம்மவர்கள். 1868இல் ஜெர்மனியில் இரு இரசாயனவியலாளர் அச்செந்நிறத்தின் மூலப்பொருளைச் செயற்கையாகச் செய்யும் வழியைக் கண்டனர். அதன்பின் வேருக்கு விலையில்லை.

ஒருநாள் வகுப்பிலே விலாசம் எழுதச் சொன்னேன். ஒரு மாணவன் வண்ணார்பண்ணை என்பதை 'வண்ணை' என்று எழுதினான். ஏனென்று கேட்டேன். தலை குனிந்தான். புலவர்களும் வண்ணை என்றே பாடினர். அவர்கள் சுருக்கியது யாப்புக்காக. அவன் சுருக்கியது கூச்சத்தால்.

அவனைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. தொழிலைச் சாதியாக்கி, அச்சாதியைத் தாழ்த்தி, பெயரை வசையாக்கியவர்கள் நாமே. ஆயினும், நேயர்களே, பெயரை அழித்தால் வசை அழிந்துவிடுமா? இந்நகரைக் கையால் ஆக்கியவர்களுக்கு நாம் கல்வெட்டு வைக்கவில்லை. அவர்களுக்கு எஞ்சிய சாசனம் இப்பெயர்களே. 1848இல் நாவலர் பெருமான் தமது சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கியதும் இதே வண்ணார்பண்ணையிலேதான்.

மறுநாள் அந்த மாணவனிடம் அதைச் சொன்னேன். அவன் பேனாவை எடுத்து, விடுபட்ட எழுத்துக்களைச் சேர்த்தான்.